அழைக்கப்பட்ட அணிகளும் தகுதி பெற்ற அணிகளும்

எட்டு ஆட்டங்களில் விளையாடி இரண்டில் மட்டுமே வென்ற ஓர் அணி, வெற்றிக்கிண்ணத்துக்கான இறுதியாட்டத்தில் நின்றது. இது கற்பனையன்று. 2020ஆம் ஆண்டு நடந்த முதலாவது லங்கா பிரீமியர் லீக் துடுப்பாட்டச் சுற்றுப்போட்டியில் நிகழ்ந்தது.

அந்தச் சுற்றுப்போட்டியில் பங்குபற்றியவை ஐந்து அணிகள். ஒவ்வோர் அணியும் ஏனைய நான்கு அணிகளுடனும் இரு தடவைகள் மோதின. ஆக, இருபது ஆட்டங்கள். அவற்றின் முடிவில் நான்கு அணிகள் அரையிறுதிக்குச் சென்றன. வேறு விதமாகச் சொல்வதானால், ஒரேயோர் அணியை வீட்டுக்கு அனுப்புவதற்காக இருபது ஆட்டங்கள் ஆடப்பட்டன. காலி கிளாடியேட்டர்ஸ் அணியும் கண்டி டஸ்கர்ஸ் அணியும் தலா இரண்டே வெற்றிகளுடன் நான்கு புள்ளிகள் பெற்றிருந்தன. நிகர ஓட்ட வேகத்தில் முந்திய காலி உள்ளே சென்றது. கண்டி வெளியே வந்தது. அரையிறுதியில், ஆறு வெற்றிகளுடன் முதலிடத்தில் இருந்த கொழும்பு கிங்ஸை இரண்டு விக்கெட்டுகளால் வீழ்த்திய காலி, டிசெம்பர் 16ஆம் திகதி அம்பாந்தோட்டையில் நடந்த இறுதியாட்டத்தில் ஜப்னா ஸ்டாலியன்ஸிடம் 53 ஓட்டங்களால் தோற்றது. நம்மவர்கள் உலகெங்கும் கொண்டாடிய ஸ்டாலியன்ஸ் அணியும் முதற்சுற்றில் எட்டு ஆட்டங்களில் நான்கில்தான் வென்றிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

விளையாட்டில் இத்தகைய திருப்பங்கள் சுவையானவையே. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால், சுமாரான அணிகளுக்குப் பெரிய மேடையில் இடம் கொடுப்பது எதற்காக, யாருக்காக என்ற கேள்வி நீண்ட காலமாகவே என்னை உறுத்தி வருகிறது. வன்னிப் பெருநிலத்தின் பாடசாலை மைதானங்களை நினைக்கும்போது அந்த உறுத்தல் இன்னும் கூடுகிறது.

இந்தக் கலையில் உலகுக்கே ஆசான் அமெரிக்கா. அங்கே பல்கலைக்கழக அணிகள் ஆடும் புட்போல், நாம் காலால் உதைக்கும் பந்தாட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பருவகாலம் முடிந்ததும் சிறந்த அணிகளை அழைத்து நடத்தப்படும் சிறப்பு ஆட்டங்களுக்கு அவர்கள் 'பௌல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலாவது பௌல் ஆட்டம் 1902ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் கலிபோர்னியாவின் பசடீனா நகரில் நடந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தை 49க்குப் பூச்சியம் என்று தோற்கடித்தது. அடுத்த ஆட்டம் 1916இல்தான் நடந்தது. அதன் பின்னரும் பல ஆண்டுகளுக்கு ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய அளவிலேயே இவ்வாட்டங்கள் இருந்தன. அழைப்பு வந்தால் ஊரே திருவிழாக் காணும்.

இன்று அந்த ஆட்டங்களின் தொகை நாற்பதைத் தாண்டிவிட்டது. நாற்பது ஆட்டங்களுக்கு எண்பது அணிகள் வேண்டுமே! அவ்வளவு நல்ல அணிகளுக்கு எங்கே போவது? எனவே பன்னிரண்டு ஆட்டங்களில் ஆறில் வென்றால் போதும் என்று விதி வகுத்தார்கள். பாதி வெற்றி, பாதி தோல்வி. அதுவும் போதாமற் போயிற்று. 2015ஆம் ஆண்டில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி கண்ட மூன்று அணிகளை அழைத்து இடத்தை நிரப்பினார்கள். நெப்ராஸ்கா, மினசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் ஆகிய அம்மூன்றும் தத்தம் பௌல் ஆட்டங்களில் வென்றுவிட்டன என்பது வேடிக்கையான செய்தி. ஆறு வெற்றியை எட்டாத அணிகளுள் யாரை அழைப்பது என்பதைத் தீர்மானிக்க, வீரர்களின் கல்வி முன்னேற்றப் புள்ளியை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள் என்பது அதைவிட வேடிக்கை. பந்தில் தோற்றவனைப் படிப்பில் தேற்றி மைதானத்துக்கு அழைத்துவரும் ஏற்பாடு!

ஏன் இத்தனை ஆட்டங்கள்? விடை எளிது. டிசெம்பர் விடுமுறையில் தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி வேண்டும். இந்த ஆட்டங்களில் பலவற்றை நடத்துவதே ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் கிளை நிறுவனம். அனுசரணையாளருக்குப் பெயர்ப்பலகை வேண்டும். மயோனேஸ் விற்பவர் பெயரில் ஒரு பௌல் நடக்கிறது. வென்ற அணியின் பயிற்றுநர் தலையில் மயோனேஸையே வாளியோடு ஊற்றுகிறார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இங்கே ஆலையும் உண்டு, சர்க்கரையும் உண்டு. இலுப்பைப்பூவையும் சேர்த்து விற்கிறார்கள், அவ்வளவுதான்.

அழைப்பு மலிந்தால் அதற்கு என்ன மதிப்பு மிஞ்சும் என்பது 2025 டிசெம்பரில் தெரிந்தது. அயோவா ஸ்டேட், கன்சாஸ் ஸ்டேட் ஆகிய பல்கலைக்கழகங்கள் தமக்குரிய பௌல் வாய்ப்பு வேண்டாம் என்று விலகிக்கொண்டன. அவை சார்ந்த கூட்டமைப்பு அவற்றுக்குத் தலா ஐந்து இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. வெற்றியிலும் தோல்வி மிகுந்த அணிகள் சிலவற்றுக்கு அழைப்புப் போயிற்று. அவற்றுள்ளும் பல மறுத்துவிட்டன. பந்தியில் இடமிருக்கிறது, வந்து உட்காருங்கள் என்று வழியிற் போகிறவரையெல்லாம் கூவி அழைக்கும் நிலை.

எனினும், இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் சொல்லும் ஒரு நியாயம் கவனிக்கத்தக்கது. பௌல் அழைப்புப் பெற்ற அணிக்கு, பருவகாலம் முடிந்த பின்னரும் சில வாரங்கள் கூடிப் பயிற்சி செய்யும் அனுமதி கிடைக்கிறது. அழைப்பில்லாத அணி அந்த வாரங்களில் கலைந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு விளையாட வேண்டிய இளையவர்களை அந்த வாரங்களில்தான் பயிற்றுநர்கள் உருவாக்குகிறார்கள். அதாவது, ஆட்டம் வெறும் சாக்கு, பயிற்சியே பயன். சுமாரான அணி ஒன்றை அழைப்பதால் யாருக்கேனும் உண்மையான நன்மை உண்டென்றால் அது இதுதான். இந்த ஒரு கருத்தை மட்டும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். வன்னிக்கு வரும்போது இது நமக்குத் தேவைப்படும்.

அதற்கு முன்னர் இலங்கையின் கதை ஒன்று. தகுதி, தகுதி என்று இன்று பேசும் இலங்கைத் துடுப்பாட்டமே ஓர் அழைப்பினால் உலக மேடையேறியது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1975ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதலாவது உலகக்கிண்ணப் போட்டி நடந்தபோது டெஸ்ட் தகுதியுள்ள நாடுகள் ஆறுதான் கலந்துகொள்ளக்கூடிய நிலையில் இருந்தன. எட்டு அணிகள் வேண்டும் என்பதற்காக இலங்கையையும் கிழக்கு ஆபிரிக்காவையும் அழைத்தார்கள். தகுதிகாண் போட்டி எதுவும் அப்போது இல்லை. இலங்கை மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. மேற்கிந்தியத் தீவுகளிடம் 86 ஓட்டங்களுக்குள் சுருண்டது. அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஜெப் தோம்சனின் பந்துகளில் அடிபட்டு சுனில் வெத்தமுனியும் துலிப் மெண்டிஸும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆயினும் அந்த ஆட்டத்தில் இலங்கை நான்கு விக்கெட்டுகளை மட்டுமே இழந்து 276 ஓட்டங்கள் எடுத்திருந்தது. கிழக்கு ஆபிரிக்காவும் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. புள்ளிப் பட்டியலில் இரண்டும் ஒன்றே: பூச்சியம்.

ஆனால் அதன் பின்னர் நடந்தது ஒன்றன்று. 1979இல் டெஸ்ட் தகுதி இல்லாத நாடுகளுக்கென ஐ.சி.சி. கிண்ணம் என்ற தகுதிகாண் போட்டி ஏற்பட்டது. இலங்கை அதில் ஆடித் தகுதி பெற்று உலகக்கிண்ணத்துக்கு வந்து, மான்செஸ்டரில் இந்தியாவை 47 ஓட்டங்களால் தோற்கடித்தது. அதே மாதத்தில் கனடாவை வென்று ஐ.சி.சி. கிண்ணத்தையும் கைப்பற்றியது. 1981இல் முழு உறுப்புரிமை, 1982 பெப்ரவரியில் முதலாவது டெஸ்ட், 1996 மார்ச்சில் லாகூரில் உலகக்கிண்ணம். அழைப்பிலிருந்து வெற்றிக்கிண்ணம் வரை 21 ஆண்டுகள். கிழக்கு ஆபிரிக்காவோ மீண்டும் ஓர் உலகக்கிண்ணத்தில் ஆடவேயில்லை. அந்தக் கூட்டணியிலிருந்து பிரிந்து தனியே வந்த கென்யா 2003இல் அரையிறுதி வரை சென்றது. வழியில் நைரோபியில் இலங்கையையே தோற்கடித்தது. ஆனாலும் பின்னர் சறுக்கி, 2014இல் ஒருநாள் போட்டித் தகுதியையும் இழந்தது.

ஒரே அழைப்பு, ஒரே தோல்வி, இருவேறு முடிவுகள். காரணம் என்ன? இலங்கை வீரர்கள் தோற்றுத் திரும்பிய இடத்தில் பாடசாலைத் துடுப்பாட்டம் என்ற ஆழமான அடித்தளம் இருந்தது. நூறு ஆண்டுகள் தொடர்ந்து நடந்துவந்த பெருஞ்சமர்கள் இருந்தன. கொழும்பில் கழகங்கள் இருந்தன. வார இறுதி தவறாமல் ஆட்டம் இருந்தது. அழைப்பு அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. உள்ளே ஏறிச் செல்லும் படிக்கட்டு முன்பே கட்டப்பட்டிருந்தது. படிக்கட்டு இல்லாத வீட்டில் மேல்மாடிக் கதவைத் திறந்து வைத்து என்ன பயன்?

இனி வன்னிக்கு வருவோம்.

2012ஆம் ஆண்டு முத்தையா முரளிதரனின் பெயரில் வடக்கில் ஒரு பாடசாலை இருபதுக்கு இருபது சுற்றுப்போட்டி ஆரம்பிக்கப்பட்டது. முரளி நல்லிணக்கக் கிண்ணம் என்று பின்னர் அறியப்பட்டது. சீனிகமவைத் தளமாகக் கொண்ட பவுண்டேஷன் ஒவ் குட்னஸ் என்ற தொண்டு நிறுவனம் அதனை நடத்தியது. தெற்கின் புகழ்பெற்ற பாடசாலைகளும் வடக்கு மாவட்டங்களின் கூட்டு அணிகளும் அழைக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் மட்டுமன்றி கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான் மைதானங்களிலும் ஆட்டங்கள் நடந்தன. அதே 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில்தான் செட்டிக்குளம் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டது என்பதை இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். கூடாரத்திலிருந்து வெளியே வந்த தலைமுறை, கொழும்பிலும் கண்டியிலும் புற்றரை ஆடுகளங்களில் பயின்று வந்த பிள்ளைகளுக்கு எதிரே மட்டையுடன் நின்றது.

அந்த வன்னி அணிகள் புள்ளிக் கணக்கில் தகுதி பெற்று வந்தவையல்ல. அழைக்கப்பட்டு வந்தவை. அதற்காக அவற்றை எவரும் எள்ளி நகையாட முடியாது. நகையாடினால் அவர் மனிதரல்லர். அமெரிக்காவின் ஆறு வெற்றி அணிக்கு வரும் அழைப்பும் வன்னிக் கூட்டு அணிக்கு வந்த அழைப்பும் ஒன்றல்ல. முன்னையது, எல்லா வசதியும் பெற்று, எல்லா வாய்ப்பும் பெற்று, அதற்குப் பின்னரும் சுமாராக ஆடியவருக்குக் கிடைப்பது. பின்னையது, ஆடுவதற்கான மைதானமே போரினால் பறிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது. திறமையின்மை வேறு, வாய்ப்பின்மை வேறு. புள்ளிப் பட்டியலில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். பட்டியலைப் படிப்பவனுக்குத்தான் வேறுபாடு தெரிய வேண்டும்.

ஆயினும், அந்த அழைப்புகளை வரவேற்றுக்கொண்டே நான் ஒன்றைக் கேட்கிறேன். ஆட்டத்துக்கு முந்திய மாதம் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? ஆட்டத்துக்குப் பிந்திய மாதம் என்ன கிடைத்தது?

வடக்கில் பாடசாலைத் துடுப்பாட்டத்தின் பெரும்பகுதி இன்றும் சீமெந்துத் தளத்தின் மேல் விரிப்பு விரித்து ஆடப்படுவது. அந்தத் தளத்தில் பந்து எழும் உயரம் ஒன்று. புற்றரையில் எழும் உயரம் வேறொன்று. ஒன்றில் பழகிய கால், மற்றதில் தடுமாறும். கூட்டு அணி என்பது இன்னும் சிக்கலானது. ஒருவன் முள்ளியவளையில் படிக்கிறான், ஒருவன் புதுக்குடியிருப்பில், இன்னொருவன் துணுக்காயில். பேருந்து வசதி குறைந்த அந்த நிலப்பரப்பில் மூவரும் ஒரே மாலையில் ஒரு மைதானத்தில் கூடுவதே ஒரு பயணத் திட்டம். ஆக, கூட்டு அணி பெரும்பாலும் ஆட்டத்தன்றுதான் அணியாகிறது. பௌல் ஆட்டங்களின் ஒரே நன்மை என்று மேலே சொன்னேனே, அந்தக் கூடுதல் பயிற்சி வாரங்கள், அவை தேவைப்படாதவனுக்கு அங்கே கிடைக்கின்றன. தேவைப்படுகிறவனுக்கு இங்கே கிடைப்பதில்லை.

போட்டி நடத்தும் முறையும் இந்தக் குறையைப் பெருக்குகிறது. எங்கள் ஊர்களில் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டிகளுக்குக் குறைவில்லை. உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், மென்பந்துத் துடுப்பாட்டம் எதுவாயினும் மறைந்தவர் பெயரால் ஒரு கிண்ணம், புலம்பெயர்ந்த உறவுகளின் அனுசரணை, மாலையில் பரிசளிப்பு. நல்ல மனத்தோடு செய்யப்படுபவை. ஆனால் ஏறத்தாழ எல்லாமே விலகல் முறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறு அணிகள் கலந்துகொள்ளும் விலகல் முறைப் போட்டியில் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்புகின்றன. இறுதிவரை செல்லும் இரண்டு அணிகளுக்கு மட்டுமே நான்கு ஆட்டங்கள். வல்ல அணிக்கு மேலும் ஆட்டம், மெலிந்த அணிக்கு மேலும் ஓய்வு. ஆண்டு முழுவதும் இப்படியே போனால், மெலிந்த அணி மெலிந்தே இருக்கும். உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி இருபது மைல் வந்து, அரை மணி நேரம் ஆடிவிட்டுத் திரும்பும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டும் அதே அரை மணி நேரந்தான்.

இதையே பல்கலைக்கழக அனுமதியிலும் காணலாம். அனுமதியில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது விதி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. குறைந்த புள்ளியோடு வந்தவர் என்று அம்மாணவரைக் குறை சொல்வோர் நம்மிடையேயும் உளர். விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பெற்ற புள்ளியையும், பாடசாலை விட்டதும் தனியார் வகுப்புக்கு ஓடும் நகரத்தில் பெற்ற புள்ளியையும் ஒரே தராசில் நிறுத்துவது தகுதி பார்ப்பதாகாது. ஆனால் ஒதுக்கீட்டைக் கொடுத்துவிட்டு ஆசிரியரைக் கொடுக்காமல் இருப்பது, அணியை அழைத்துவிட்டுப் பயிற்றுநரைக் கொடுக்காமல் இருப்பதற்கு ஒப்பானது. சலுகை நிரந்தரமாகிறது; குறையும் நிரந்தரமாகிறது.

இப்போது யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானம் அமைக்கும் பணியை 2025 செப்டெம்பர் முதலாம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஆரம்பித்து வைத்தார். வடக்குக்கு ஒரு பெரிய மைதானம் வருவதில் மகிழ்ச்சி. ஆனால் பார்வையாளர் அரங்கில் உட்கார்ந்து கைதட்டுவதற்கு மட்டுமா வன்னிப் பிள்ளை அங்கே போக வேண்டும்? ஒரு சர்வதேச மைதானத்துக்கு ஆகும் செலவில் மிகச் சிறிய பங்கைக் கொண்டு மாவட்டத்துக்கு ஒன்றாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் நல்ல புற்றரை ஆடுகளங்களை அமைத்து, அவற்றைப் பராமரிக்க ஆளும் நீரும் ஒதுக்கினால், பத்து ஆண்டுகளில் மண்டைதீவின் நடுவே நின்று ஆடுவதற்கு ஆள் கிடைக்கும்.

வாய்ப்புக் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2020 லங்கா பிரீமியர் லீக்கில் ஸ்டாலியன்ஸ் அணிக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்ட யாழ். மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த், தமது முதல் ஆட்டத்திலேயே அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டைக் கைப்பற்றினார். 2024இல் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணிக்காக இந்தியன் பிரீமியர் லீக்கில் ஆடினார். அவரை உள்ளே எடுத்ததை ஒரு அடையாளச் செயல் என்று அன்று சிலர் முணுமுணுத்திருக்கலாம். ஆனால் அவருக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகத் துடுப்பாட்டம் ஆடிவந்த ஒரு கல்லூரி இருந்தது. அந்தப் பின்புலம் முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இன்னும் கிட்டவில்லை.

"அந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் சந்தோஷத்தையும் கெடுக்கிறீர்களே" என்று சிலர் வருந்தக்கூடும். இல்லை. சங்கக்காரவும் முரளியும் வந்து நின்ற மைதானத்தில் ஆடிய நாளை எந்தப் பிள்ளையும் மறக்கப் போவதில்லை. அந்த நாள் வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் நாட்கள் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எனவே, போட்டி நடத்துவோருக்கும் அதற்குப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் சில யோசனைகளை முன்வைக்கிறேன். வன்னி அணி ஒன்றை அழைப்பதானால், ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே பயிற்றுநர் ஒருவரையும் போக்குவரத்துச் செலவையும் அழைப்பிதழோடு சேர்த்து அனுப்புங்கள். கிண்ணத்தின் உயரத்தைக் குறைத்து ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பதினாறு அணிகளையும் நான்கு பிரிவுகளாக்கி லீக் முறையில் ஆடவிட்டால், கடைசி இடத்துக்கு வரும் அணிக்கும் மூன்று ஆட்டங்கள் கிடைக்கும். முதல் ஆண்டு அழைப்பின் பேரில் வந்த அணிக்கு, மூன்றாம் ஆண்டிலிருந்து தகுதிகாண் சுற்று ஒன்றை வையுங்கள். 1979இல் இலங்கைக்குக் கிடைத்தது அதுதான். தகுதிகாண் சுற்று என்பது தண்டனையன்று. நீ இனி விருந்தாளியல்ல, போட்டியாளன் என்று சொல்லும் மரியாதை. பெரிய லீக் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை: ஐந்தில் நான்கைத் தேர்ந்தெடுப்பது தேர்வாகாது. முதல் மூன்று அணிகளோடு நிறுத்திக்கொண்டால் இருபது ஆட்டங்களுக்கும் பொருள் இருக்கும்.

விளையாட்டுப் பக்கத்துக்குச் செய்தி எழுதும் இளைய நண்பர்களிடமும் ஒன்று கேட்பேன். வன்னி அணி தோற்றால் 'போராடித் தோற்றது' என்று ஆறுதல் வரி எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். அந்த அணி இந்த ஆண்டு இதற்கு முன் எத்தனை ஆட்டங்கள் ஆடியது, எத்தனை நாள் ஒன்றாகப் பயின்றது என்று கேட்டு, அந்த எண்களையும் ஓட்ட எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். சுமாரான அணி எது, வாய்ப்பற்ற அணி எது என்பதை வாசகர்கள் தாமே தெரிந்துகொள்வார்கள்.